வடபக்கத்து வகுப்பும் தென்பக்கத்துக் கத்தரியும்

மதிப்பீட்டுப் பயிற்சிக்கு என்னை அனுப்பியது நான் கெட்டிக்காரி என்பதற்காக இல்லை. அது எங்கள் பணிப்பாளர் நல்லரத்தினம் சேருக்கு வந்த அழைப்பு. பாசிக்குடாவில், கடலுக்கு நேரே ஒரு ஹோட்டலில், ஒரு கிழமைப் பயிற்சி. முதலில் தானே போவதாகத்தான் இருந்தார். நீந்துவதற்கென்று புதுக் காற்சட்டை வாங்கிவிட்டார் என்றுகூட அலுவலகத்தில் ஒரு கதை உலாவியது. பிறகு நிகழ்ச்சி நிரலைப் படித்துப் பார்த்தார். காலையில் தொடங்கிப் பின்னேரம் வரை வகுப்பு, குழுவேலை, அதற்கு மேலே வீட்டுவேலை. தலைமையுரை என்று ஒரு இடத்திலும் இல்லை. தலைமையுரை இல்லாத இடத்தில் சேருக்கு மூச்சு முட்டும். ஹிதாயா மிஸ் போகட்டும் என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

நான் சண்டை பிடித்தேன். எனக்கு நன்றாகச் சண்டை பிடிக்க வரும். ஏறாவூரில் எங்கள் தெருவில் யாரையும் கேட்டுப் பாருங்கள், என் வீட்டுக்காரர் இர்ஷாத்தை மட்டும் கேட்க வேண்டாம். என் வேலையை யாரும் மதிப்பிடத் தேவையில்லை என்பது என் எண்ணம். மட்டக்களப்பு நகரத்தில் இருக்கிற வாவியொளி என்ற எங்கள் தொண்டு நிறுவனத்தில், வாவியோரத்து ஊர்களுக்குப் போய்ப் பெண்களுக்கு வீட்டுத்தோட்ட வகுப்பு எடுப்பது என் வேலை. இரண்டு நாள் வகுப்பு. ஆரம்பம் முதல் முடிவு வரை நானே உண்டாக்கியது. பாத்தி கட்டுவது, கன்றுக்குக் கன்று இடைவெளி விடுவது, எருவை உக்க வைப்பது, வேப்பங்கொட்டை இடித்துப் பூச்சிக்குத் தெளிப்பது, எல்லாவற்றுக்கும் என் கையால் வரைந்த பெரிய பெரிய படங்கள். கத்தரிக்காய்க்குக் கண்ணும் வாயும் வைத்திருப்பேன். ஒரு பாட்டும் உண்டு. இரண்டாம் நாள் மத்தியானம் என் மச்சான் நிஸ்தார் ஆக்கித் தரும் கோழிப் புரியாணி. சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பு எப்படி என்று கேட்டால் எல்லாரும் ஒரே குரலில் மிக நன்று என்பார்கள். எல்லா ஊரிலும் அதே பதில்தான். இதற்கு மேலே மதிப்பிட என்ன இருக்கிறது?

பாசிக்குடாவில் பயிற்சி தந்தவர் உதயரூபன் என்ற மெலிந்த மனிதர். சத்தத்தை உயர்த்தவே மாட்டார். அப்படிப்பட்ட ஆட்களோடு சண்டை பிடிப்பது கஷ்டம். முதல் நாளே ஒவ்வொருவராக எழுப்பி ஒரே கேள்வியைக் கேட்டார். உங்கள் வேலையை நீங்கள் செய்யாமலே விட்டிருந்தால் அந்த ஊரில் என்ன நடந்திருக்கும்? என் முறை வந்தபோது, சனம் கடையில் வாடல் மரக்கறி வாங்கித் தின்றிருக்கும் என்றேன்.

"அது உங்களுக்கு எப்பிடித் தெரியும் மிஸ்?" என்றார்.

எனக்குத் தெரியும், அவ்வளவுதான் என்று உட்கார்ந்துவிட்டேன். அன்று மத்தியானம் ஹோட்டல்காரன் பரப்பி வைத்த அத்தனை சாப்பாட்டையும் கோபத்தோடு தின்றேன். ஆனால் உள்ளதைச் சொன்னால், மூன்றாம் நாள் அளவில் அந்தக் கேள்வி எனக்குப் பிடித்துப் போனது. சொறி மாதிரி. சொறியச் சொறிய ஒரு சுகம். யாருடைய வேலையைப் பார்த்தாலும், இது இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று மனது தானாகவே கேட்கத் தொடங்கியது. கடைசி நாள் உதயரூபனின் கையைப் பிடித்து நன்றி சொல்லாத குறைதான்.

அலுவலகத்துக்கு வந்ததும் அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தேன். முதலில் மாட்டியவன் வெளிக்கள உத்தியோகத்தன் சிவதர்ஷன், மண்டூர்ப் பொடியன், நல்ல பிள்ளை, ஆனால் ஊர்வலப் பைத்தியம். எதற்கெடுத்தாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தொப்பி போட்டு வெயிலில் விழிப்புணர்வு ஊர்வலம் விடுவான். ஊர்வலம் இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று கேட்டேன். அவன் யோசித்துக் கொண்டிருக்கும்போதே நானே பதிலையும் சொன்னேன். பிள்ளைகளுக்குத் தலையிடி வந்திருக்காது. அந்த மாதத்தோடு ஊர்வலம் நின்றது.

பிறகு சேர். கூட்டத்திலேயே கேட்டேன். சேர், உங்களுடைய திறப்புவிழாப் பேச்சு இல்லாவிட்டால் என்ன நடக்கும்? கதவோரம் நின்ற வான் சாரதி முனாஸ், "சோறு ஆறாது சேர்" என்றான்.

சேர் இரண்டு நாள் யாரோடும் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் வாழைச்சேனைப் பக்கம் ஒரு கிணற்றுத் திறப்புவிழா. சேர் எழும்பினார், எல்லாருக்கும் வணக்கம், தண்ணீர் குடியுங்கள் என்றார், உட்கார்ந்தார். சனம் தட்டிய கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது. அவ்வளவு கைதட்டல் அவருடைய வாழ்க்கையில் கிடைத்ததில்லை. திரும்பி வரும்போது வானில் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து சேரும் அந்தக் கேள்வியின் ஆள் ஆனார். ஒரு சின்னக் கிணற்றைப் பார்க்க நான்கு பேர் வானில் போவது நின்றது. படம் எடுப்பதற்காக மட்டும் பதாகை அடிப்பது நின்றது. நிறுவனமே மாறிக்கொண்டு வந்தது, அதற்குக் காரணம் நான் என்று எனக்குத் தலைக்கனமும் ஏறிக்கொண்டு வந்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருந்த சிவதர்ஷன் ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில் மெதுவாகக் கேட்டான். "அப்ப உங்கட வகுப்பு மிஸ்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த வகுப்பு என் பிள்ளை மாதிரி. பிள்ளையைப் பற்றி யாராவது வாய் திறந்தால் எந்தத் தாய்க்குத்தான் பொறுக்கும்? எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. ஈச்சந்துறையில் இன்னும் வகுப்பு எடுக்கவில்லை, அங்கே ஒரு பக்கத்துக்கு வகுப்பு எடுக்கிறேன், மற்றப் பக்கத்துக்கு எடுக்காமல் விடுகிறேன், வைகாசி முடியும்போது இரண்டு பக்கத்துத் தோட்டத்தையும் எல்லாரும் வந்து பாருங்கள் என்றேன். வித்தியாசம் ஒன்றும் இல்லாவிட்டால் என் வகுப்பை நானே நிறுத்திவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

"கோவத்தில சொல்லாதீங்க மிஸ்" என்றார் சேர்.

"கோவம் வந்தாத்தான் சேர் எனக்கு உண்மை வாயில வாறது" என்றேன். அலுவலகம் முழுதும் அந்தச் சொல்லுக்குச் சாட்சி. இனிப் பின்வாங்க வழியில்லை.

ஈச்சந்துறை வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிற ஊர். வானை இக்கரையில் விட்டுவிட்டுப் பாதையில் ஏறித்தான் போக வேண்டும். பாதை என்று நாங்கள் சொல்வது ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையை. ஊருக்கு நடுவே ஒரு கிறவல் மண் தெரு. வடக்கே பாதி வீடு, தெற்கே பாதி வீடு. கடவுளே எனக்காகக் கோடு போட்டு வைத்த மாதிரி இருந்தது. பல்தேவைக் கட்டடம் என்ற பொதுமண்டபத்தில் ஊரைக் கூட்டி விளங்கப்படுத்தினேன். வடக்குப் பக்கத்துக்கு வகுப்பு. தெற்குப் பக்கத்துக்கு வகுப்பு இல்லை. கடைசியில் வந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

எனக்கு அன்று தெரியாத ஒன்றை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த ஊரில் அம்மன் கோயில் சடங்குக் காலத்தில் முன்பு கொம்பு இழுப்பார்கள். வளைந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றோடு ஒன்று கொழுவி, வடம் கட்டி, ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து இழுக்கும். எந்தப் பக்கத்துக் கொம்பு முறிகிறதோ அந்தப் பக்கம் தோல்வி. வென்றவர்கள் தோற்றவர்களின் வாசலுக்கு வந்து வசை பாடுவார்கள். தோற்றவர்கள் கோபிக்காமல் நின்று கேட்க வேண்டும். அதுதான் முறை. வடக்கே இருப்பவர்கள் வடசேரி, தெற்கே இருப்பவர்கள் தென்சேரி. கோடு அதே கிறவல் தெரு. கொம்பு இழுத்துப் பல வருடம் ஆகியிருந்தது. ஆனால் யார் எந்தச் சேரி என்பதை ஒருவரும் மறக்கவில்லை.

நான் ஏறாவூர்க்காரி, எனக்கு எப்படித் தெரியும்? மண்டூர்ப் பொடியனுக்குத் தெரியும். அவன் பக்கத்திலேயே நின்றான். பிறகு கேட்டால், மிஸ் தெரிந்துதான் அப்படிப் பிரித்திருக்கிறார், என்ன மூளை என்று தான் வியந்துபோய் நின்றதாகச் சொன்னான்.

கூட்டத்தில் நான் ஒப்பிடுவோம் என்று சொன்னதும், என் கூட்டங்களில் எப்போதும் பின்சுவரோடு ஒட்டி நிற்கும் ஆண்கள் கதிரையைத் தூக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தார்கள். தெற்குப் பக்கத்து அழகரத்தினம், கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர், தொண்டையைச் செருமினார். எந்தப் பக்கம் வென்றது என்று எப்போது சொல்வீர்கள் என்று கேட்டார். வெற்றி தோல்வி இல்லை ஐயா, சும்மா ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் என்றேன். எல்லாரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். தலையாட்டிக்கொண்டே தெருவுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களைப் பார்த்தார்கள். இந்த ஊர்ச் சனத்துக்குத் தோட்டத்தில் எவ்வளவு ஆர்வம் என்று நான் பூரித்துப் போனேன்.

தை கடைசியில், மழை விட்ட பிறகு வடபக்கத்துக்கு வகுப்பு நடந்தது. அப்படி ஒரு வகுப்பு நான் எடுத்ததில்லை. ஒரு வீடு மிச்சமில்லாமல் வந்தார்கள், ஆண்களும் வந்தார்கள். ஒருவரும் இடையில் எழும்பிப் போகவில்லை. யன்னல்களை எல்லாம் சாத்தினார்கள். வேர்த்து வழிகிறது, திறவுங்கள் என்றேன். வேண்டாம் மிஸ், அங்கால பக்கத்துக்குக் கேட்கும் என்றார்கள். கத்தரிக்காய்க்குக் கண் வைத்த படத்தைக் காட்டியபோது ஒருவரும் சிரிக்கவில்லை, அவ்வளவு கவனம். முன்வரிசையில் இருந்த அன்னப்பூரணி என்ற பெண் ஒவ்வொரு சொல்லையும் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். புரியாணிக்குப் பிறகு அவள் என்னிடம் வந்து கையைப் பிடித்தாள்.

"மிஸ், நீங்க எங்கட பக்கம்தானே?"

வகுப்புக்கு வந்த பிள்ளை அன்பாகக் கேட்டால் என்ன சொல்வோம்? "மறுகா என்ன புள்ள, நான் உங்கட பக்கம்தான்" என்றேன். வடபக்கமே கை தட்டியது. அந்த ஒரு சொல்லோடு நான் வடசேரி ஆகிவிட்டேன், எனக்கு மட்டும் தெரியாது.

அடுத்த மாதங்களில் ஊரைப் பார்க்கப் போனபோது வடபக்கத்தில் எனக்கு மாப்பிள்ளைக்குக் கிடைக்கும் மரியாதை. தெருவைக் கடந்து தென்பக்கம் போனால் ஒருவரும் முகம் பார்க்கவில்லை. வேலிகளில் கிடுகு, பழைய சீலை, தகரம் என்று கிடைத்ததையெல்லாம் கட்டி உள்ளே ஒன்றும் தெரியாமல் மறைத்திருந்தார்கள். ஒரு வாய் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்கவில்லை. இந்தப் பகுதியில் எந்த ஊரில் என்றாலும், எவ்வளவு இல்லாத வீட்டிலும், வந்த ஆளுக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பமாட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பாதையில் திரும்பி வரும்போது சிவதர்ஷனிடம் தென்பக்கத்தைத் திட்டித் தீர்த்தேன். வகுப்புக் கிடைக்காத பொறாமை என்றேன். அவன் வாவியைப் பார்த்துக்கொண்டு இருந்தான், தோள் மட்டும் குலுங்கியது. அன்னப்பூரணியும் தெருவுக்கு அந்தப் பக்கம் கலியாணம் கட்டிப் போன அவளுடைய தங்கையும் கறிவேப்பிலை கேட்பதைக்கூட நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அதையும் குடும்பச் சண்டை என்றுதான் நினைத்தேன்.

வைகாசி கடைசியில் பார்க்கும் நாள் வந்தது. சேர் வந்தார். என் வகுப்பு விழுவதைப் பார்க்க ஆசைப்பட்ட அலுவலகம் முழுதும் பாதையில் ஏறி வந்தது. சிவதர்ஷன் புதுச் சேட் போட்டிருந்தான். நானும் நல்ல சல்வார்தான் போட்டிருந்தேன், வெல்லப் போகிற ஆள் அல்லவா.

முதலில் வடபக்கம். பாத்திகள் எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி, என் படத்தில் உள்ளபடியே. கன்றுக்குக் கன்று இடைவெளி சரி. எருக்குழி சரி. ஆனால் கன்றுதான் இல்லை. வரிசை வரிசையாகத் தண்டு மட்டும் நின்றது. அன்னப்பூரணியின் வளவில் நாங்கள் நிற்கும்போதே ஒரு ஆடு வேலிக்குள்ளால் தலையை விட்டு, மிச்சம் இருந்த ஒரு வெண்டியையும் சாவகாசமாகக் கடித்துக்கொண்டு போனது. தப்பிய கன்றுகளும் மஞ்சளடித்து நின்றன. வாவியோரத்துக் கிணறு, சித்திரை பிறந்தால் தண்ணீர் உப்பாகிவிடும். அன்னப்பூரணி என் முகத்தைப் பார்க்கவில்லை. நீங்கள் சொன்னது ஒன்றையும் நாங்கள் விடவில்லை மிஸ் என்று மட்டும் சொன்னாள்.

பிறகு தெருவைக் கடந்தோம். அழகரத்தினம் முன்னே வந்து, வாசலில் கட்டியிருந்த சீலையை மேடைத் திரை மாதிரி ஒரு பக்கம் இழுத்தார்.

அல்லாவே, அந்தக் கத்தரியை என்னவென்று சொல்வது. கொப்பு வளைந்து நிலத்தைத் தொட்டது. பயிற்றங்காய் பந்தலில் சடைசடையாகத் தொங்கியது. பூசணிக்காயில் சேர் தடக்கி விழப் பார்த்தார். வீட்டுக்கு வீடு அப்படித்தான். பாத்தி கோணல், இடைவெளி கிடையாது, என் வகுப்பில் இருந்தால் நான் அடித்துத் திருத்தியிருப்பேன். ஆனால் காய்த்துக் கொட்டியிருந்தது.

எப்படி என்று கேட்டேன். அழகரத்தினம் காட்டினார். வீட்டுக்கு வீடு தனி வேலி கட்டாமல், ஒதுக்கிப் போட்ட மீன்வலைகளை எல்லாம் சேர்த்துத் தைத்துத் தென்பக்கம் முழுவதையும் சுற்றி ஒரே வேலியாகக் கட்டியிருந்தார்கள். ஊர் எல்லையில் பனையடியில் ஒரு நல்லதண்ணிக் கிணறு தூர்ந்து கிடந்தது. எல்லாருமாக இறங்கி அதைத் தோண்டி எடுத்து, ஒரு மோட்டாரைப் பூட்டி, வரிசை வைத்துத் தண்ணீர் விட்டிருந்தார்கள். வேலிக்குள் வர முடியாத ஆடுகள் என்ன செய்யும்? வடக்கே போயிருக்கின்றன. ஊரில் இருந்த அத்தனை ஆட்டுக்கும் என் வகுப்பின் பயன் போய்ச் சேர்ந்திருந்தது.

"கத்தரி நடத் தெரியாத ஆள் ஆரு மிஸ் இந்த ஊருல? ஆடும் உப்புத் தண்ணியும்தான் விடல்ல. அதுக்கு ஒரு பக்கமே ஒண்டாச் சேரோணும். சேருறதுக்கு ஒரு சாட்டு இல்லாமக் கிடந்தது. நீங்க தந்தீங்க" என்றார் அழகரத்தினம்.

அப்போதுதான் சிவதர்ஷன் கொம்புக் கதையை எனக்குச் சொன்னான். நான் அவனை ஒரு பார்வை பார்த்தேன். பிறகு அழகரத்தினத்திடம் திரும்பி, நீங்கள்தான் சங்கத் தலைவர், போன வருடமே வகுப்பு வேண்டும் என்று எங்களைக் கேட்டதும் நீங்கள், ஆடும் உப்பும்தான் பிரச்சினை என்று தெரிந்தால் வகுப்பு எதற்கு என்று கேட்டேன். அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். மற்ற ஊர்களில் உங்கள் வகுப்பில் நல்ல புரியாணி என்று சொன்னார்கள் மிஸ் என்றார்.

எத்தனை ஊரில் சாப்பாட்டுக்குப் பிறகு மிக நன்று என்று கேட்டிருப்பேன். அது நிஸ்தாருக்குக் கிடைத்த மதிப்பெண்.

ஒரு ஓரமாகப் போய் நின்று உதயரூபனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் முழுவதையும் கேட்டார். சிரிக்கவில்லை, நல்ல மனிதர். "உங்கட ஒப்பீடு கெட்டுப் போச்சு மிஸ்" என்றார். தென்பக்கம் போட்டிக்கு நின்றிருக்கிறது, வடபக்கத்துக்கு ஆட்டையும் தள்ளியிருக்கிறது, ஆகவே இதை வைத்து உங்கள் வகுப்பு உதவாது என்று யாரும் சொல்ல முடியாது என்று விளங்கப்படுத்தினார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சேரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவருக்கும் சந்தோசம். அப்படியென்றால் பழையபடி, வகுப்பு வெற்றிகரமாக நடாத்தப்பட்டது என்றே எழுதிவிடலாம், உங்கள் வகுப்பும் தப்பியது என்றார். சிவதர்ஷனின் முகம் வாடிப்போனது. எனக்கு அது இன்னும் சந்தோசமாக இருந்தது.

அந்த நேரம்தான் பறைமேளச் சத்தம் கேட்டது.

தென்சேரி திரண்டு வந்தது. முன்னுக்கு அழகரத்தினம், தலையில் சால்வை, கையில் ஒரு முழுக் கத்தரிச் செடி, காயோடு வேரோடு பிடுங்கியது. பின்னால் ஆணும் பெண்ணும். தெருவைக் கடந்து பல்தேவைக் கட்டடத்து வாசலுக்கு வந்தார்கள். வடசேரி அங்கே வரிசையாக நின்றது. அன்னப்பூரணி என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இழுத்து நிறுத்தினாள். தோற்றவர்கள் இடத்தை விட்டுப் போகக்கூடாது மிஸ், கோபிக்கவும் கூடாது, முடியும் மட்டும் நின்று கேட்க வேண்டும் என்று காதில் சொன்னாள். அவளுடைய தங்கைதான் முதல் அடியை எடுத்துக் கொடுத்தாள்.

பாட்டோட வகுப்பெடுத்த ஏறாவூர் மிஸ்ஸே
பாத்திக்குப் பாத்தி படம் வரைஞ்ச மிஸ்ஸே
கத்தரிக்குக் கண்ணு வெச்சாய் வாயும் வெச்சாய்
கடிச்ச ஆட்டுக்கு எங்க வகுப்பு வெச்சாய்

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. சேர் கைக்குட்டையால் வாயைப் பொத்தினார். முனாஸ் பொத்தவே இல்லை. கடைசி அடியைத் திரும்பத் திரும்பப் பாடினார்கள். எனக்கு முகம் எரிந்தது. ஏசுவதற்கு வாய் துடித்தது, ஆனால் கோபிக்கக் கூடாதே. வாழ்க்கையில் முதல் தரமாக, கோபிக்க முடியாமல் நின்று ஒன்றைக் கடைசி மட்டும் கேட்டேன்.

கேட்டால், பாட்டு சரிதான். மாங்கேணியில் ஆடு இல்லையா? மண்டூரில் இல்லையா? எல்லா ஊரிலும் ஆட்டை விலக்கிக்கொண்டுதானே மண்டபத்துக்குள் போயிருக்கிறேன். உள்ளே போய்க் கத்தரிக்காய்க்குக் கண் வைத்தேன். ஒப்பீடு கெட்டது உண்மை. ஆடு கெடவில்லை. உதயரூபன் கொடுத்த வாசலால் நான் தப்பிப் போகலாம், ஒருவரும் பிடிக்கமாட்டார்கள். ஆனால் அடுத்த ஊரில் படத்தைத் தூக்கிப் பிடிக்கும்போது அந்தக் கடைசி அடி என் காதில் கேட்குமே.

பாட்டு முடிந்ததும் நான் படியில் ஏறினேன். இந்த வகுப்பு இல்லாவிட்டால் இந்த ஊரில் என்ன நடந்திருக்கும் என்று சத்தமாகக் கேட்டேன். ஆடு கொஞ்சம் மெலிந்திருக்கும் என்று நானே சொன்னேன். சேர், இந்த வகுப்பை இன்றோடு நிறுத்துகிறேன், இனி ஒரு ஊருக்குப் போனால் முதலில் வேலியையும் கிணற்றையும் பார்ப்போம், தேவையென்றால் அதற்குக் காசு போடுவோம், வகுப்பு எடுப்பதா என்று பிறகு யோசிப்போம் என்றேன். சேர் தலைமையுரை ஒன்றும் செய்யாமல் சரி என்றார். சிவதர்ஷன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் கேட்டது கிடைத்துவிட்டது, ஆனால் அவனுக்கும் சந்தோசம் இல்லை என்று தெரிந்தது.

யாராவது ஒருவர், வேண்டாம் மிஸ், நிறுத்தாதீர்கள் என்று சொல்லமாட்டார்களா என்று என் மனது கிடந்து அடித்தது. அத்தனை வருடம், அத்தனை படம். ஒரே ஒரு ஆள் சொன்னால் போதும்.

அன்னப்பூரணி முன்னுக்கு வந்தாள்.

"வகுப்ப நிப்பாட்ட வேணாம் மிஸ்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இதற்காகத்தானே இத்தனை காலம் பாதையில் ஏறி இறங்கினேன். அவளைக் கட்டிப் பிடிக்கக் கையை நீட்டினேன். அவள் தெருவுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள்.

"அடுத்த முறை அவங்களுக்கு வைங்க. அப்ப நாங்க வெல்லுவம்." கொஞ்சம் யோசித்தாள். "புரியாணிய மட்டும் எங்களுக்குத் தாங்க."

வடசேரி, தென்சேரி, அலுவலகம் எல்லாம் ஒன்றாகச் சிரித்த சிரிப்பில் தெருவில் நின்ற ஆடுகள் கலைந்து ஓடின. நீட்டிய கையை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நானும் சிரித்தேன். அழகரத்தினம் வேரோடு இருந்த அந்தக் கத்தரிச் செடியைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். பின்னாலேயே அவருடைய வீட்டிலிருந்து எனக்குத் தேத்தண்ணி வந்தது.